எதிர்வரிசைத் தண்ணீர்

1

இந்த ஜனவரியோடு டொராண்டோ ஒரே நகரமாகி ஓராண்டு முடிகிறது. அதற்கு முன் அது ஆறு ஊராக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் தனி மேயர், தனி வரி, பனி வழிக்கத் தனி வண்டி. 1998 ஜனவரி முதல் தேதி ஆறையும் ஒன்றாக்கினார்கள். மக்களைக் கேட்டபோது பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். ஆனாலும் நடந்துவிட்டது.

நான் இருப்பது அந்த நகரத்துக்கு வெளியே. வெளியே என்றால் ஒரு சாலையின் அகலம்தான். ஸ்டீல்ஸ் அவென்யூ என்று நீளமான சாலை ஒன்று உண்டு. அதன் தென்புறம் டொராண்டோ, வடபுறம் வேறு ஊர். நான் வடபுறம். எதிர்ப்பக்கம் குப்பை எடுக்கும் நாள் வேறு, எங்களுக்கு வேறு. ஆனால் இரண்டு பக்கமும் குடிப்பது ஒரே தண்ணீர். ஒண்டாரியோ ஏரியிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்து, தனக்குப் போக மிச்சத்தை மேடேற்றி, டொராண்டோ எங்கள் பக்கத்துக்கும் விற்கிறது. நூலகத்தில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். எனக்கு இப்படிப்பட்ட விஷயங்களைப் படிப்பதில் ருசி உண்டு.

படித்ததோடு நின்றிருக்கலாம். அதை ஊருக்குத் தொலைபேசியில் விளக்கப் போய், என் அம்மாவை அக்காவிடம் இழந்தேன். இழந்தேன் என்றதும் பயப்பட வேண்டாம். அம்மா நன்றாக இருக்கிறாள். என் வயிற்றெரிச்சலே அதுதான்.

2

நெல்லைச் சந்திப்பிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எங்கள் தெரு. கிழமேல் தெரு. அதன் நடுவே இரண்டு உள்ளாட்சிகளின் எல்லை போனது. தென்வரிசை ஒரு ஊர், வடவரிசை இன்னொரு ஊர். எவை என்று எழுதப்போவதில்லை. இதைப் படிக்கிறவர்களில் இரண்டு வரிசைக்காரர்களும் இருக்கிறார்கள். நான் விடுமுறைக்கு வந்தால் இரண்டு பக்கமும் காப்பி குடித்தாக வேண்டும்.

ஆறு ஒன்றுதான். இரண்டு ஊருக்கும் தாமிரபரணிதான். ஆற்று மணலில் இறக்கிய உறைகிணறுகள் வேறு, ஏற்றுகிற தொட்டி வேறு, வருகிற குழாய் வேறு. தென்வரிசையின் தொட்டி பக்கத்திலேயே இருந்ததால் அங்கே வீட்டுக்கு வீடு குழாய், தினமும் காலையில் தண்ணீர். எங்கள் வரிசை எங்கள் குழாயின் கடைசி முனை, அதிலும் மேடு. தெருக்கோடியில் ஒரு பொதுக்குழாய். அது இருமும், சீறும், பிறகு நினைத்துக்கொண்டாற்போல் ஒரு குடம் கொடுக்கும். வராத நாளில் அதற்கும் அப்பாலிருந்த அடிபம்பு.

ஆகவே எங்கள் வரிசைப் பெண்கள் எதிர்வரிசைக்குக் குடத்தோடு போவார்கள். அம்மா போனது நேர் எதிர்வீட்டுக்கு, சங்கரவடிவு அத்தை வீட்டுக்கு. உறவு முறையெல்லாம் கிடையாது, தெருப்பழக்கத்தில் அத்தை. அவர்கள் வீட்டு முற்றத்துக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் எங்கள் வீட்டுக்குள் கேட்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் நாங்கள் விழித்தோம்.

1978 ஆவணியில் அந்த வீட்டுக்கே என் அக்கா காந்திமதியைக் கொடுத்தோம். பெண் பார்க்க வந்த அன்று சங்கரவடிவு அத்தை எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து சிரித்தது நினைவிருக்கிறது.

"எதுத்த வீட்டுப் பிள்ளைய என்னத்தப் பாக்க? நித்தமும் இடுப்புல கொடத்தோட பாக்கேனே. கொடம் இல்லாம நின்னா அடையாளம் தெரியுமான்னுதான் வந்தேன்."

மாப்பிள்ளைக்கு வங்கியில் வேலை. சொந்த வீடு. ஆனால் அம்மா இரவெல்லாம் அப்பாவிடம் பேசியது வங்கியைப் பற்றி அல்ல. "வாசல்ல கொழாய் இருக்கு. எம்பிள்ளைக்கு ஆயுசுக்கும் கொடம் தூக்க வேண்டாம்" என்று அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்குப் பதினான்கு வயது. இனி எங்களுக்கும் அந்தக் குழாயில் உரிமை வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார் என்று தோன்றுகிறது. ஒருவருக்கும் மற்றது நினைவுக்கு வரவில்லை.

மற்றது என்பது இதுதான். எங்கள் வீடுகளில், பெண்ணைக் கொடுத்த வீட்டில் பெண்ணின் பெற்றோர் கை நனைப்பதில்லை. சோறு மட்டுமல்ல, ஒரு வாய் தண்ணீரும் கிடையாது. பேரனோ பேத்தியோ பிறந்த பிறகுதான் அந்தத் தடை தீரும். எல்லாக் குடும்பங்களிலும் இவ்வளவு கறார் இல்லை. என் அம்மாவிடம் உண்டு.

கல்யாண வீட்டுக் கூட்டமெல்லாம் போன மறுநாள் காலை எதிர்வீட்டில் தண்ணீர் விழுந்தது. அம்மா வழக்கம்போலக் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். தெருவின் நடுப்பாதி வரை போனாள். அங்கேயே நின்றாள். பிறகு திரும்பி, தெருக்கோடியைப் பார்த்து நடந்தாள்.

பக்கத்து வீட்டு உலகம்மாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். பார்த்ததும் புரிந்துவிட்டது.

"என்ன மதினி, பொண்ணையும் குடுத்துத் தண்ணியையும் குடுத்துட்டியளா?"

"நீ ஒன் சோலியப் பாரு" என்றாள் அம்மா. ஆனால் அந்தக் கேலி தெருவெல்லாம் சுற்றி வந்தது. தண்ணீருக்காகப் பெண் கொடுத்துத் தண்ணீர் இல்லாமல் போன குடும்பம் நாங்கள்தான்.

3

தடை பெற்றோருக்குத்தான், எனக்கு இல்லை. நான் எதிர்வீட்டில் இட்லி தின்னலாம், செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கலாம். குடத்தில் கொண்டுவரக் கூடாது, அவ்வளவுதான். காலையில் அங்கே வயிறு நிறையக் குடித்துவிட்டு, இரண்டு குடத்தோடு அடிபம்புக்குப் போவேன். நான் பம்பை அடிக்கும்போது அக்கா கனகாம்பரச் செடிக்கு டியூப் வைத்து நீர் விட்டுக்கொண்டிருப்பாள். அது வழிந்து தெருவுக்கு வரும். தெருவின் பாதி வரை ஈரம், அதற்கு மேல் எங்கள் பாதி. அந்தச் செடியின் மேல் எனக்கிருந்த பொறாமை இன்றும் குறையவில்லை. கனகாம்பரத்தை எங்கே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

அக்காவுக்கும் மனசு கேட்கவில்லை. ஒரு முறை தானே ஒரு குடம் நிறைத்துத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள்.

"இந்தா, நான்தான தூக்கிட்டு வந்தேன். ஒம்மக கொண்டாந்த தண்ணி. குடிச்சா என்ன கொறஞ்சிரும்?"

அம்மா குடத்தை வாங்கி முருங்கை மரத்தின் மூட்டில் கவிழ்த்தாள். "அது குடிக்கட்டும். அதுக்குச் சம்பந்தி கெடையாது." பிறகு அக்காவின் தலையைத் தடவி, பைய, என் காதிலும் விழும்படி சொன்னாள்: "பேரனோ பேத்தியோ பொறக்கட்டும்டி. ஒன் வீட்டுல வந்து வயிறு முட்டக் குடிக்கேன்."

பிறக்கவில்லை. முதல் இரண்டு மூன்று வருடம் தெருவே கேட்டது, பிறகு கேட்பதை நிறுத்தியது. முதலில் சொன்னபோது அது ஆசையாக இருந்தது. வருடங்கள் போகப் போக அம்மா அதைச் சொல்ல முடியாமலானாள். சொன்னால் அக்காவைக் குத்துவதுபோல் ஆகும். சொல்லாமல் குடித்தால் பேரன் வரமாட்டான் என்று ஒப்புக்கொண்டதுபோல் ஆகும். ஆகவே அம்மா பேசவும் இல்லை, குடிக்கவும் இல்லை. தினமும் மாலையில் எதிர்வீட்டுக்குப் போவாள், கூடத்தில் உட்காருவாள், தொண்டை வறளப் பேசுவாள், எழுந்து வந்து எங்கள் வீட்டுப் பானையில் மொண்டு குடிப்பாள்.

நான் 1988இல் இங்கே வந்தேன். அடுத்த வருடம் என் மகள் பிறந்தாள். தொலைபேசியில் அக்காவுக்குச் செய்தி சொன்னேன். "நல்லதுலே" என்றாள். "அம்மை இனிமே ஒன் வீட்டுல குடிப்பா" என்றாள். மகன் வீட்டில் குடிக்கப் பேத்தி தேவையில்லை என்பது அவளுக்குத் தெரியாததா? அவளும் பொறாமையில்தான் இருந்தாள். எங்கள் குடும்பத்தில் அது தாராளமாகக் கிடைக்கும்.

4

1995 கார்த்திகையில் அப்பா இறந்தார். அம்மா வடவரிசை வீட்டில் தனியானாள். அக்கா கூப்பிட்டாள், அத்தானும் நேரில் வந்து கூப்பிட்டார். சங்கரவடிவு அத்தை அதற்குள் படுத்த படுக்கை. அங்கிருந்தே, "வரச் சொல்லுங்க, எனக்கும் பேச்சுத்துணை" என்று சொல்லியனுப்பினாள். அம்மா அசையவில்லை. குடிக்க முடியாத வீட்டில் எப்படி வாழ்வது?

நான் இங்கே அழைத்துக்கொள்ள மனுப்போட முடிவு செய்தேன். பெற்றோரை அழைப்பதற்கான தாள்களை நிரப்பித் தரும் உதவி நிலையம் ஒன்றுக்குப் போனேன். அங்கே ஒரு பெண்மணி, பொறுமைசாலி.

"தாயாருக்கு அங்கே வேறு பிள்ளைகள்?"

"ஒரு அக்கா."

"எவ்வளவு தூரத்தில்?"

"எதிர்வீடு."

பேனாவைக் கீழே வைத்தார். எதிர்வீட்டில் மகள் இருக்கும்போது ஏன் உலகத்தின் மறுபக்கம் கொண்டுவர வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், என் தாய் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்க முடியாது என்று விளக்கினேன். அவர் முகம் மாறியது.

"அந்தத் தண்ணீரில் நோய்க்கிருமி இருக்கிறதா?"

"இல்லை. ஊரிலேயே நல்ல தண்ணீர் அதுதான்."

பிறகு அரைமணி நேரம் சம்பந்தி என்ற உறவை விளக்கினேன். ஆங்கிலத்தில் அதற்கு ஒரு சொல் இல்லாதது பெரிய தொந்தரவு. என் மகளின் பிறப்பு முதல் என் அக்காவின் பிள்ளையின்மை வரை சொல்லி முடித்தபோது, அவர் தன் மேசையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை என் பக்கம் நகர்த்தினார். கடைசியில் "கலாச்சாரக் காரணங்கள்" என்று எழுதிக்கொண்டார். பதினெட்டு வருடத்துக் கதை இரண்டே சொல்லில் முடிந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "அத்தை வந்தா நல்லதுதான். ஆனா காந்தி மதினிகிட்ட கேட்டியளா?" என்றாள். கேட்கவில்லை. தானாகத் தெரியவந்து, அக்காவே அழைத்தாள்.

"லே, ஒனக்குப் பொண்டாட்டி இருக்கா, மக இருக்கா. அம்மையையும் கொண்டுபோயி என்னலே செய்யப்போற? பெட்டியில வச்சுப் பூட்டப்போறியா?"

"நீ கூப்பிட்டு வரலைல்லா? அதான்."

"எங்கிட்ட வரமாட்டான்னு தெரிஞ்சுதான நீ மனுப்போட்ட?"

அது உண்மை.

5

ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பேன். தொலைபேசி இருந்தது எதிர்வீட்டில். அம்மா வந்து காத்திருப்பாள். தொலைபேசிக்கு அந்தத் தடை கிடையாது. எண்ணைச் சுழற்றியதும் அக்கா எடுப்பாள், "இரு, தாரேன்" என்பாள். கை மாறும் அந்த இடைவெளியில் எனக்கு ஒவ்வொரு வாரமும் கேட்கும்:

"வெயில்ல வந்திருக்க, ஒரு வாய் தண்ணியாவது குடிம்மா."

"வேண்டாம்டி. இப்பத்தான் குடிச்சுட்டு வாரேன்."

அந்த "வேண்டாம்" கேட்கும்போது இங்கே என் நெஞ்சு குளிரும். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன சிரிக்கிய?" என்பாள். ஒன்றுமில்லை என்பேன். அக்கா அம்மாவைத் தினமும் பார்க்கலாம், தொடலாம், தலைவாரி விடலாம். எனக்கு இருந்தது அந்த ஒரு சொல்தான்.

இங்கே நாள் முழுக்கத் தண்ணீர் வரும், சுடுதண்ணீர்கூட வரும் என்று அம்மாவிடம் ஆசை காட்டுவேன்.

"நாள் முழுக்க வந்தா கொழாயடியில யாரு நிப்பா? யாருகிட்டப் பேசதுக்கு?" என்று கேட்பாள்.

"ஒங்க பேத்திகிட்டப் பேசலாம்."

மகளிடம் தருவேன். அவள் சனிக்கிழமை வகுப்பில் கற்ற தமிழில், "ஆச்சி, நீங்கள் எவ்வாறு இருக்கிறீர்கள்?" என்று கேட்பாள். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். "எய்யா, ரேடியோவுல சேதி வாசிக்க மாதிரில்லா பேசுதா!" இரண்டு கேள்விக்கு மேல் மகளின் தமிழ் தீர்ந்துவிடும். போய்ப் பல் துலக்குவாள், குழாயைத் திறந்துவிட்டபடியே. நான் இங்கிருந்து கத்துவேன். அவள் ஆங்கிலத்தில், "தண்ணீர்தானே அப்பா" என்பாள். அவளுக்குப் புரியவைக்க ஆச்சி வர வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். வந்தால் ஆச்சி யார் பக்கம் சேருவாள் என்று எனக்கு அப்போது சந்தேகம் இல்லை.

என் வேலையிடத்தில் தூத்துக்குடிக்காரர் ஒருவர் உண்டு, ராயப்பன் என்று பெயர். துறைமுகத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். இந்தப் பொறாமைக் கதையை அவரிடம் சொன்னால் ஒரே வார்த்தையில் அடக்கிவிடுவார். "தெருவுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு சண்டை போடுதீரு. ஒம்ம ஊர்ல நீங்க எல்லாரும் குளிச்சுவிட்ட தண்ணியத்தாம் வே கொழாயில எங்களுக்கு அனுப்புனீங்க. நாங்க குடிக்கலையா? பொண்ணு குடுக்கலையா, எடுக்கலையா?" ஆற்றின் கடைசியில் இருப்பவருக்கு மேலே இருக்கிறவர்கள் எல்லோரும் ஒன்றுதான்.

6

1994இல் நெல்லையும் பாளையும் பக்கத்து ஊர்களும் சேர்ந்து மாநகராட்சி ஆன செய்தி எனக்கு இங்கே ஒரு மாதம் பிந்திய பத்திரிகையில் வந்தது. கத்தரித்து வைத்திருக்கிறேன். எங்கள் தெருவின் நடுவில் இருந்த எல்லை அன்றே அழிந்துவிட்டது. ஆனால் எல்லையை அழிக்க ஓர் உத்தரவு போதும், குழாயை மாற்ற மண்ணைத் தோண்ட வேண்டும். நான்கு வருடம் கழித்து, 1998 கோடையில், எங்கள் தெருவைத் தோண்டினார்கள். நடுத்தெருவில் பெரிய குழாய் ஒன்று. அதிலிருந்து இரு பக்கமும் வீட்டு இணைப்பு.

எங்கள் வீட்டு முற்றத்தில் முதல்முறையாகத் தண்ணீர் விழுந்த செய்தியை அக்காதான் சொன்னாள். பிறகு அம்மா வந்தாள்.

"வந்துட்டுய்யா. இங்கன வாரப்பதான் அங்கனயும் வருது. ஒரே நேரம். ஒரே சத்தம்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா ருசி அவ வீட்டுத் தண்ணி மாதிரி இல்லையோன்னு இருக்கு" என்றாள்.

அவ வீட்டுத் தண்ணீரின் ருசி அம்மாவுக்கு இருபது வருடமாக நாவிலேயே இருந்திருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது. எதிர்வீட்டுக்கு இனி ஒரு பெருமையும் மிச்சம் இருக்கக் கூடாது என்று பேச ஆரம்பித்தேன்.

"அம்மா, அவ வீட்டுத் தண்ணி, நம்ம வீட்டுத் தண்ணின்னு இனிமே கெடையாது. ஒரே ஆறு, ஒரே தொட்டி, ஒரே கொழாய். அவ வீட்டுக்கு மட்டும் தனியா எதுவும் வரலை. இங்க பாருங்க, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேற ஊரு. ஏரியில எடுத்து எங்களுக்கும் அவுகதான் தாராக. எந்த ஊருத் தண்ணின்னு இங்க யாரும் கேக்கது கெடையாது. தண்ணி யாரு வீட்டுதும் இல்லைம்மா. ஊருப் பொதுத் தண்ணி."

"அப்படியா சொல்லுத?"

"படிச்சுட்டுத்தான் சொல்லுதேன்."

"வேற ஊருக்காரனே வேற ஊருத் தண்ணியக் குடிக்கான்" என்றாள் அம்மா, தனக்குத்தானே சொல்வதுபோல.

"ஆமா."

"யாரு வீட்டுதும் இல்ல."

"இல்லவே இல்ல."

நன்றாகப் பேசினேன் என்றுதான் நினைத்தேன். ஒண்டாரியோ ஏரியின் ஆழத்தைப் பற்றிக்கூடச் சொன்னேன்.

7

புரட்டாசியில் அம்மாவின் மருத்துவப் பரிசோதனை சென்னையில் முடிந்தது. ஐப்பசியில் விசா வந்தது. இரண்டு வருடத்துத் தாள்கள், கையொப்பங்கள், மறுபடி கேட்ட புகைப்படங்கள் எல்லாம் தீர்ந்து, தைக்கு விமானச் சீட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகளின் அறையில் இன்னொரு கட்டில் போட்டோம். மகள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், பிறகு ஆச்சிக்கு ஜன்னல் பக்கத்துக் கட்டில் வேண்டுமா என்று கேட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அழைத்தேன். அக்கா எடுத்தாள். குரலில் ஏதோ அடக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா வந்தாச்சா?" என்றேன்.

"வந்தாச்சு. ரெண்டு நாளாச்சு."

"என்னது?"

"இங்கனதாம்லே இருக்கா. தலகாணியத் தூக்கிட்டு வந்துட்டா. பாத்திரமெல்லாம் அத்தான் கொண்டாந்தாரு."

"அவ அங்க எப்படி இருப்பா? அவதான் அங்க..."

"நானும் அதத்தாம்லே கேட்டேன். 'எம்மா, எனக்குப் பிள்ளை ஒண்ணும் பொறக்கலையே'ன்னேன். இத்தனை வருசத்துல மொதமொதல்ல என் வாயால சொன்னேன்." அக்காவின் குரல் உடைந்தது. ஆனாலும் சிரித்தாள். "அதுக்கு அவ, 'தம்பி படிச்சுட்டுச் சொல்லுதான்டி. இப்பம் இது ஒன் வீட்டுத் தண்ணி கெடையாதாம். ஊருத் தண்ணியாம்'னா."

நான் படித்ததையெல்லாம் ஒரு நொடியில் நொந்துகொண்டேன். அங்கே சோறும் தின்கிறாளா என்று கேட்டேன். தன் அரிசியைத் தானே கொண்டுவந்திருக்கிறாள், ஊர்த் தண்ணீரில் வடிக்கிறாள் என்றாள் அக்கா. அம்மா எதையும் அரைகுறையாக யோசிப்பதில்லை.

"அப்ப இங்க வரலையா?"

"நீயே கேளு. தாரேன்."

கை மாறும் இடைவெளி. பத்து வருடமாகக் கேட்ட அதே கூடம், அதே மின்விசிறிச் சத்தம். வெளியே எங்கள் சாலையில் பனிவண்டி ஒன்று எதிர்ப்பக்கத்தை மட்டும் வழித்துக்கொண்டு போனது. அம்மாவின் வளையல் சத்தம் கேட்டது. என் பெயரைச் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"இருய்யா" என்றாள். "ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வாரேன்."

ரிசீவரை மேசையில் வைத்தாள். தம்ளரில் தண்ணீர் விழும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பிறகு அக்காவின் குரல், எனக்கு அல்ல:

"போதுமாம்மா?"

"இன்னுங் கொஞ்சம் ஊத்துடி."